‘இரு தரப்பினரிடையே மோதல்’: இந்தத் தலைப்பை முதுகலை ஆய்வேடாக்குவது எப்படி?

தாமிரபரணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பகலில் வகுப்பு, மாலை 6 மணியிலிருந்து ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பயிற்சித் துணை ஆசிரியராக வேலை. இதழியல் அறமும் ஊடக ஒழுங்குமுறையும் என்ற தாளை ஒட்டி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். தலைப்பை இம்மாத இறுதிக்குள் துறையில் கொடுத்தாக வேண்டும்.

சில மாதங்களுக்கு முன், கோயில் கொடை விழாவின்போது நடந்த ஒரு தாக்குதல் பற்றிய செய்தி என் கைக்கு வந்தது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்களை, அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குள்ளேயே வந்து ஒரு கும்பல் அரிவாளால் வெட்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவு செய்யப்பட்டிருப்பதைப் பகுதிநேர நிருபர் தம் குறிப்பிலேயே எழுதியிருந்தார். நான் அதை அப்படியே செய்தியாக்கி, ‘பட்டியல் சமூக இளைஞர்கள் 3 பேருக்கு வெட்டு’ என்று தலைப்பிட்டேன். பக்கம் அச்சுக்குப் போகும்போது அது ‘கோயில் விழாவில் இரு தரப்பினர் மோதல்: 3 பேர் காயம்’ என்று மாறியிருந்தது; சட்டத்தின் பெயரும் நீக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். “சாதியைப் போடக் கூடாது என்பது பத்திரிகைக் கவுன்சில் விதி” என்றார்கள். மறுநாள் காயம்பட்ட ஒருவரின் உறவினர் அலுவலகத்துக்குப் போன் செய்து, “நாங்க யார்கிட்ட சார் மோதினோம்?” என்று கேட்டார். போனை எடுத்தவன் நான்தான். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

என் நெறியாளர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். மூன்று நாளிதழ்கள், ஆறு மாதங்கள், பத்திரிகைக் கவுன்சிலின் (அச்சு ஊடகத்துக்கான சட்டபூர்வ மேற்பார்வை அமைப்பு) நடத்தை நெறிகளை அளவுகோலாக வைத்து எத்தனை செய்திகள் நெறியை மீறுகின்றன என்று எண்ணுவது. வழக்கமான உள்ளடக்கப் பகுப்பாய்வு. ஆனால் அந்த அளவுகோலின்படி நான் எழுதிய தலைப்பு ‘மீறல்’ என்ற கட்டத்திலும், மாற்றப்பட்ட தலைப்பு ‘பின்பற்றல்’ என்ற கட்டத்திலும் விழும். அந்த அட்டவணையை என் பெயரில் சமர்ப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நெறி உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா, இதை ஆய்வுக் கேள்வியாக எப்படி வகுப்பது, நான் வேலை செய்யும் இடத்தில் பார்த்தவற்றை ஆய்வில் பயன்படுத்தலாமா என்ற மூன்றிலும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மேசைப்பணி (ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர்)

தம்பி, நீங்கள் சொல்லும் தலைப்பை என் கையாலேயே நூறு முறைக்கு மேல் போட்டிருக்கிறேன். அதனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்; சட்டம் தெரிந்தவர்கள் மற்றதைச் சொல்லட்டும்.

அந்தச் சொற்றொடர் பெரும்பாலும் பத்திரிகை அலுவலகத்தில் பிறப்பதில்லை. காவல் நிலையத்தில் பிறக்கிறது. தாக்கப்பட்டவர்கள் புகார் கொடுத்ததும், தாக்கியவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு புகார் வாங்கப்பட்டு எதிர் வழக்கு ஒன்று பதிவாகும். அடுத்தடுத்த எண்களில் இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் இருக்கும். அந்த நிமிடத்திலிருந்து காகிதத்தில் ‘இரு தரப்பு’ உருவாகிவிடுகிறது. ‘முன்விரோதம் காரணமாக இரு தரப்பினரிடையே ஏற்பட்ட தகராறில்’ என்று காவல்துறைக் குறிப்பு தொடங்கும். இரவு ஒன்பதரை மணிக்கு அந்தக் குறிப்பு டெஸ்க்குக்கு, அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்பிடும் பிரிவுக்கு, வரும். பத்தே காலுக்கு மாவட்டப் பக்கம் முடிய வேண்டும். இடையில் இருப்பது முக்கால் மணி நேரம், அதற்குள் இருபது செய்திகள். வந்த வாக்கியத்தின் முதல் பாதியே தலைப்பாகிவிடுகிறது. இரட்டைப் பத்தியில் பொருந்தவும் பொருந்தும்.

பகுதிநேர நிருபரின் நிலையையும் நீங்கள் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அவர் பிடித்துத் தரும் விளம்பரத்தின் கமிஷன்தான் முக்கிய வருமானம். அந்தக் கொடை விழாவுக்கான வாழ்த்து விளம்பரத்தை அவர் யாரிடம் வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதே வட்டாரத்தில் குடியிருப்பவர். மறுநாள் காலை அதே டீக்கடைக்குப் போயாக வேண்டியவர். அப்படியிருந்தும் உங்கள் நிருபர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார் என்றால், அவர் துணிச்சல்காரர். அந்த வரியை வெட்டியது அலுவலகம்தான்.

ஆனாலும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதை விட்டுவிட்டு எழுதினால் ஆய்வு ஒருபக்கமாகிவிடும். 1990களின் நடுவில் தென் மாவட்டங்களில் மோதல்கள் தொடர்ந்து நடந்தபோது, ஒரு ஊர்ச் செய்தியில் ஒரு சாதிப் பெயர் வந்தால் அடுத்த ஊரில் பேருந்து எரிந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெயரைப் போடாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம், சில இரவுகளில் அது உண்மையாகவும் இருந்தது. அன்றைய எச்சரிக்கை பிறகு எல்லாச் செய்திகளுக்கும் உரிய வாய்ப்பாடாகிவிட்டது. கலவரத்துக்காகக் கற்ற பாடத்தை, ஒரு தெருவுக்குள் புகுந்து மூன்று பேரை வெட்டியதற்கும் பொருத்தியபோதுதான் தவறு நேர்ந்தது.

டெஸ்க் மாறும் என்பதற்கும் சாட்சி உண்டு. ‘கற்பழிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்த நாளிதழ்கள் பல இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகின்றன. ‘கௌரவக் கொலை’ என்ற சொல் ‘ஆணவக் கொலை’ ஆனது. எந்தச் சட்டமும் அப்படி எழுதச் சொல்லவில்லை. பெண்ணிய இயக்கங்களும் தலித் இயக்கங்களும் எழுத்தாளர்களும் விடாமல் கேட்டார்கள். டெஸ்க்கில் இருந்த சிலர் காது கொடுத்தார்கள். அதே டெஸ்க்குகளில் ‘கள்ளக்காதல்’ மட்டும் இன்னும் அசையாமல் நிற்கிறது. எந்தச் சொல் மாறியது, எது மாறவில்லை என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான விஷயம்.

வைகைக்கரை வழக்கறிஞர்

முதல் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் சொன்னது பாதி உண்மை.

பத்திரிகைக் கவுன்சிலின் இதழியல் நடத்தை நெறிகளில், இங்கே குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு தனித்தனிப் பகுதிகள் உள்ளன. ஒன்று, வகுப்பு மோதல்களைப் பற்றியது. செய்தியைச் சரிபார்த்து நிதானத்தோடு வெளியிட வேண்டும், பலியானோரைச் சமுதாயவாரியாகக் கணக்கிட்டு வெளியிடக் கூடாது என்கிறது. மற்றொன்று, ஒருவரின் சாதியைக் குறிப்பிடுவது பற்றியது. பொதுவாகத் தவிர்க்க வேண்டும், குறிப்பாக அந்தச் சாதிக்கு இழிவு சேர்க்கும் சூழலில் தவிர்க்க வேண்டும் என்கிறது. இரண்டாவது பகுதியின் நோக்கம், திருடினவனின் சாதியைத் தலைப்பில் போட்டு ஒரு சமூகத்தையே இழிவுபடுத்துவதைத் தடுப்பது. வன்கொடுமைக்கு ஆளானவர் எதற்காகத் தாக்கப்பட்டார் என்பதை மறைக்கச் சொல்வது அதன் நோக்கமாக இருக்க முடியாது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்பதும், தாக்கியவர் அச்சமூகங்களைச் சேராதவர் என்பதும் குற்றத்தின் உறுப்புகள். அவை இல்லாமல் அந்தக் குற்றமே இல்லை. கொள்ளைச் செய்தியில் பணம் போனதை விட்டுவிட்டு ‘இருவர் சந்திப்பு’ என்று எழுத முடியுமா? இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகியிருக்கும்போது சாதியை நீக்கி எழுதினால், குற்றமே செய்தியிலிருந்து நீங்கிவிடுகிறது. உங்கள் ஆய்வின் மையம் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: சமமான இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான கலவரத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நெறி, ஒருபக்க வன்முறைக்குப் பொருத்தப்படும்போது என்ன ஆகிறது?

அடுத்து, வெளியிடும் உரிமை. அதற்கு நீங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே போனது. 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. நக்கீரன் இதழ், மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடவிருந்தபோது எழுந்தது. பொது ஆவணங்களை, நீதிமன்ற ஆவணங்கள் உட்பட, அடிப்படையாகக் கொண்ட வெளியீட்டுக்கு அந்தரங்க உரிமையைக் காட்டித் தடை சொல்ல முடியாது என்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதினார். கூடவே பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் விதிவிலக்கு என்றும் சொன்னார். அந்த விதிவிலக்கு இன்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவிலும், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் கட்டாயமாகவே இருக்கிறது. 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில், மறைமுகமாக அடையாளம் தெரியும்படிகூட எழுதக் கூடாது என்றது நீதிமன்றம். ஆகவே செய்திகளை வகைப்படுத்தும்போது ‘அடையாளத்தை மறைத்தல்’ என்று ஒரே குறியீடு வைத்துவிடாதீர்கள். சட்டம் மறைக்கச் சொல்லும் அடையாளம் வேறு, வழக்கத்தால் மறைக்கப்படும் அடையாளம் வேறு. பட்டியல் சமூகச் சிறுமிக்கு எதிரான பாலியல் வன்கொடுமைச் செய்தியில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும். ஊரின் பெயரும் சாதியும் சேர்ந்தாலே சிறு கிராமத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அத்தகைய செய்திகளைத் தனியே பிரித்து வையுங்கள்.

ஒழுங்குமுறை பற்றிய அத்தியாயத்தில் பெரும்பாலான ஆய்வேடுகள் அமைப்புகளின் பெயரை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எழுதுங்கள். பத்திரிகைக் கவுன்சில் முதலில் 1966இல் அமைந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உருவானது. அதன் 14ஆம் பிரிவு எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே இடம் தருகிறது; அபராதம் விதிக்க இடமில்லை. நாளிதழ் மீதான புகாரை, முதலில் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, செய்தி வெளியான 2 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். உங்களிடம் போனில் கேட்டாரே, அந்த உறவினருக்கு இந்த வழி இருப்பது தெரிந்திருக்குமா? மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்துகொண்டே அந்தக் கெடுவுக்குள் அவரால் டில்லிக்கு எழுதியிருக்க முடியுமா? ஒழுங்குமுறையைப் பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய தமிழ் ஆய்வேடு எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

தொலைக்காட்சியோ பத்திரிகைக் கவுன்சிலின் வரம்புக்குள் வராது. செய்தி ஒளிபரப்பாளர்களின் தன்னொழுங்கு அமைப்பு உறுப்பினர் சேனல்களை மட்டுமே கேட்க முடியும். அதன் உச்ச அபராதம் 1 லட்சம் ரூபாய். அது போதாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. இணையச் செய்திக்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தன. அறநெறிக் கோவையைக் கட்டாயமாக்கிய பகுதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுத்திவைத்தது, அந்தத் தடை நாடு முழுமைக்கும் பொருந்த வேண்டும் என்று செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. உங்கள் ஆய்வு அச்சு நாளிதழ் பற்றியது என்பதால் இவற்றுக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் 2018 ஆகஸ்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ‘தலித்’ என்ற சொல்லைத் தவிர்க்குமாறு தனியார் சேனல்களுக்கு அனுப்பிய அறிவுரையைக் கட்டாயம் சேருங்கள். தாங்களே தேர்ந்துகொண்ட பெயரால் ஒரு சமூகத்தை அழைக்கலாமா என்பதை அரசு சொல்ல வந்த தருணம் அது. உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது.

வடமராட்சி (ஊடகக் கற்கைகள், ஆய்வு மாணவி)

வணக்கம். மேசைப்பணி ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஒப்பீட்டைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஆய்வேட்டில் ஒரு பந்தியாகவேனும் பயன்படக்கூடும்.

இங்கே 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உண்டு. அது அரசு சார்ந்தது என்பதால் பத்திரிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவைத் தன்னொழுங்கு அமைப்பாக உருவாக்கினார்கள். 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு ஒழுங்குமுறை பற்றிய பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் சாதி என்று வரும்போது எங்களிடம் இருப்பது பெரும் மௌனம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் உண்டு; 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. எனினும் இன்று ஒரு கோயில் தேரிழுப்பில் சாதிப் பிரச்சினை எழுந்தால், எந்தச் சட்டப் பிரிவின் பெயரும் செய்தியில் வராது, ஏனெனில் அப்படியொரு பிரிவின் கீழ் வழக்கு பதியப்படுவதே அரிது. உங்களுக்கு ஒப்பிடுவதற்கு ஓர் ஆவணமாவது இருக்கிறது. நிலையத்தில் பதிவான சொல்லையும் பத்திரிகையில் அச்சான சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க உங்களால் முடியும். அந்த வாய்ப்பைக் கைவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி பற்றி. நீங்கள் வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுதலாம், ஆனால் உங்களோடு பணிபுரிபவர்கள் ஆய்வுக்குச் சம்மதித்தவர்கள் அல்லர். நள்ளிரவில் ஒரு சக ஊழியர் மனம்விட்டுச் சொன்னது தரவு ஆகாது. நான் என் முதுகலை ஆய்வில் ஓர் ஊடகவியலாளரின் பெயரை நீக்கிவிட்டு, அவர் எந்தப் பிரதேசத்துச் செய்தியாளர் என்பதை மட்டும் எழுதினேன். அந்தப் பிரதேசத்தில் அந்தப் பத்திரிகைக்கு அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எழுதுமுன் காட்டியிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பிறகு என்னுடன் பேசவும் இல்லை. ஆகவே உங்கள் சொந்தப் பத்திரிகையை மாதிரியிலிருந்து விலக்குங்கள். வேறு மாவட்டங்களில் உள்ள பகுதிநேர நிருபர்களிடம், எழுத்தில் சம்மதம் பெற்று, செவ்வி (நேர்காணல்) எடுங்கள். மாவட்டத்தின் பெயரைக்கூடத் தவிருங்கள். உங்களுக்கு நடந்ததை முன்னுரையில் ஒரு பக்கம், உங்கள் அனுபவம் என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதலாம்.

தாமிரபரணி

மூவருக்கும் நன்றி. நெறியாளரிடம் நேற்றுப் பேசினேன். அவர் எண்ணும் முறையை முற்றிலும் விட வேண்டாம் என்கிறார். அளவுகோலை மட்டும் மாற்றச் சம்மதித்துவிட்டார். கவுன்சிலின் நெறிக்குப் பதிலாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையையே அளவுகோலாக்கப் போகிறேன். அதில் உள்ள எந்தெந்த விவரம் செய்திக்கு வந்தது, எது வழியில் விழுந்தது, தலைப்பில் செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்பது தெரிகிறதா, எதிர் வழக்கு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். ‘மோதல்’ என்ற சொல் வரும் தலைப்புகளைத் தனியாகக் குறிப்பேன். பிறகு எட்டு அல்லது பத்து நிருபர்கள், துணை ஆசிரியர்களிடம் செவ்வி. முதல் தகவல் அறிக்கைகளைப் பெறுவதில் சிக்கல் வருமா, தனியாக ஒருவனே குறியீடு செய்தால் துறை ஏற்குமா என்பதுதான் இப்போதுள்ள கவலை.

வைகைக்கரை வழக்கறிஞர்

முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவை அதில் அடங்கா. பதற்றத்தைத் தூண்டக்கூடியவை என்று கருதப்படும் பிற வழக்குகளும் விடுபடலாம். அப்படி விடுபட்டவற்றுக்காகக் காவல் நிலையத்துக்கு நடக்காதீர்கள். வன்கொடுமை வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்புகளை மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் எடுத்து, பின்னோக்கிப் போய்ச் சம்பவ நாளின் செய்தியைத் தேடுங்கள். விடுதலையில் முடிந்த வழக்குகளையும் சேர்க்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டவற்றை மட்டும் எடுத்தால், பத்திரிகை எச்சரிக்கையாக இருந்தது சரிதானே என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டு என்றே எழுதியும் சாதியைக் குறிப்பிட முடியும் என்பதைக் காட்டும் செய்திகள் உங்கள் மாதிரியிலேயே சில நிச்சயம் கிடைக்கும். அவற்றை முழுதாக மேற்கோள் காட்டுங்கள். குறியீட்டுக்கு, மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் முடிவைச் சொல்லாமல் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இருவரும் வேறுபட்ட இடங்களை மறைக்காமல் எழுதுங்கள். ‘தகராறு’ என்பதை மோதலாக எண்ணுவதா வேண்டாமா என்பதில் நிச்சயம் வேறுபடுவீர்கள்.

மேசைப்பணி

ஒரு வேலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன், தம்பி. சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு நாள் போய், 1968 டிசம்பர் கடைசி வாரத்து நாளிதழ்களைக் கேளுங்கள். டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த நாட்களில் எந்தப் பத்திரிகை எந்தச் சொல்லால் அதை எழுதியது என்று தலைப்பு, துணைத்தலைப்பு, முதல் பத்தி மூன்றையும் கையால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்கலாம். மாவட்டப் பதிப்புகள் நூலகத்தில் முழுமையாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இ-பேப்பரிலும் சில மாதங்களில் பழைய மாவட்டப் பக்கங்கள் எடுக்கப்பட்டுவிடும். ஆகவே உங்கள் மாதிரிக் காலத்தின் பக்கங்களை இன்று இரவிலிருந்தே, தேதியும் பதிப்பின் பெயரும் தெரியும்படி சேமிக்கத் தொடங்குங்கள்.